மீன்கொத்தி வந்த விதம்

பறவைப் படம் எடுக்கும் தாண்டவராயன், ஏரிக்கரையில் விருந்தாளிகளைக் கூட்டிவைத்துக் கதை அளந்துகொண்டிருந்தார். "நான் இயற்கையைத் தொடவே மாட்டேன். பறவை தானா வந்து போஸ் கொடுக்கும்."

அன்றைக்குப் பார்த்து ஒரு குஞ்சுகூட வரவில்லை. உடனே கேமராப் பை தூக்கும் செங்கமலத்தின்மேல் பாய்ந்தார். "உன் வளையல் சத்தத்துலதான் ஓடிருச்சு. இவங்க டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள அந்தக் கிளையில மீன்கொத்தி உட்காரணும். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

செங்கமலம் பணிவாகக் கேட்டாள்: "வந்துரும் அய்யா. எப்பவும் கிளையில நூல் போட்டு மீனைக் கட்டுவோமே, ஆளுங்க இருக்காங்கன்னு இன்னைக்கு வேணாம்னீங்க. மீன் பையிலதான் இருக்கு. கட்டட்டுங்களா?"

தாண்டவராயனுக்கு இருமல்தான் வந்தது.

"கட்டும்மா, பார்ப்போம்" என்றார் ஒரு விருந்தாளி.

கட்டினாள். டீ ஆறுவதற்குள் மீன்கொத்தி ஜம்மென்று வந்து உட்கார்ந்தது. விருந்தாளிகளோ தாண்டவராயன் மூஞ்சியைத்தான் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.