எட்டு மூளையும் ஒரு கல்யாணப் பத்திரிகையும்

காட்டுக் குளக்கரையில் புங்கன் என்ற கரடி கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்துவந்தது.

ஒரு நாள் நாரையம்மா மூச்சிரைக்க வந்தது. "கரடியாரே, என் மகளுக்குக் கல்யாணம்! இன்று சாயங்காலம் தெற்கே பறக்கிற பறவைக் கூட்டத்திடம் பத்திரிகையைக் கொடுத்தால்தான் சொந்தக்காரர்களுக்குப் போய்ச் சேரும். தவறினால் கல்யாணமே தள்ளிப்போய்விடும்!"

"கவலையை விடுங்கள்!" என்று கரடி தட்ட ஆரம்பித்தது.

சொந்தக்காரர்கள் பெயரே பக்கம் பக்கமாய் நீண்டது. பெயர் ஏற ஏற, கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஓர் எழுத்தைத் தட்டினால், அது திரையில் வருவதற்குள் ஒரு கொட்டாவி விட்டு முடிக்கலாம்.

அந்த வழியாக வந்த நரி எட்டிப் பார்த்தது. "அடடா! கம்ப்யூட்டருக்குள்ளே எல்லா வேலையையும் பார்க்கிற சில்லு இருக்கே, அந்தப் பிராசசருக்கு வயசாயிடுச்சு அண்ணே! இதோ புதுசு. உள்ளே எட்டு மூளை! எட்டு மடங்கு வேகம்!"

பதற்றத்தில் இருந்த கரடி, ஆசையாய் ஒளித்து வைத்திருந்த தேனடையைத் தூக்கிக் கொடுத்தது. நரி பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டியது.

கரடி தட்டியது. எழுத்து அரைக் கொட்டாவியில் வந்தது. அவ்வளவுதான்!

"பழகப் பழகச் சரியாகும்!" என்றது நரி, தேனை நக்கிக்கொண்டே.

"பொழுது சாயுதே!" என்று நாரையம்மா சிறகடித்தது.

கரடிக்கு வியர்த்துக் கொட்டியது. எந்த மூளை என்ன செய்கிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்து பார்த்தது. ஒரு மூளை திணறிக்கொண்டிருந்தது. மற்ற ஏழும் சும்மா கிடந்தன! பத்திரிகை அடிக்கும் மென்பொருளுக்கு ஒரே ஒரு மூளையிடம்தான் வேலை வாங்கத் தெரியும்.

"அந்த ஒன்று அப்படி என்னதான் செய்கிறது?" கரடி திரையில் மூக்கை ஒட்டிப் பார்த்தது. பெயர்களுக்கு அடியிலெல்லாம் சிவப்புக் கோடு நெளிந்தது. ஒவ்வோர் எழுத்தைத் தட்டும்போதும், எழுத்துப் பிழை பார்க்கும் பிழைதிருத்தி முதல் பக்கத்திலிருந்து அத்தனை பெயரையும் படித்து, 'கொக்கரசு தப்பு! செங்காலன் தப்பு!' என்று கோடு போட்டுக்கொண்டிருந்தது.

"என் சித்தப்பா பெயர் தப்பா?" என்று சீறியது நாரையம்மா.

கரடி பிழைதிருத்தியை அணைத்தது. விரல் பட்டதும் எழுத்து வந்து நின்றது! கூட்டம் கிளம்புமுன் பத்திரிகைகள் தயார்.

"இதைப் பழைய பிராசசரிலேயே செய்திருக்கலாமே! என் தேனைக் கொடு!" என்று கரடி திரும்பியது.

நரி வாயைத் துடைத்தது. "தேன் தீர்ந்துபோச்சு அண்ணே. வேணும்னா பதினாறு மூளை ஒண்ணு இருக்கு..."

"போதுமப்பா! என் சொந்த மூளையை முதலிலேயே பயன்படுத்தியிருக்கணும்!" என்று தலையில் அடித்துக்கொண்டது கரடி.

புதிய கருவி வாங்க ஓடுவதற்கு முன், வேலை எங்கே சிக்கி நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.