உறை பிரிக்காத கம்ப்யூட்டர்

முள்ளிக்கரையில் குடிநீர் பம்புகளை இயக்கும் கம்ப்யூட்டர் புகைந்து அணைந்தது. காலிக் குடங்களோடு ஊரே நீரேற்று நிலையத்துக்கு வந்துவிட்டது.

"உள்ளே இருந்த சிஸ்டமும் அந்தப் பெட்டியோட போச்சு. வேற பெட்டியில அதை எழுப்பினா என் நாற்காலியையே தர்றேன்!" என்றார் அதிகாரி தெய்வசிகாமணி.

தற்காலிக ஊழியர் மும்தாஜ் பணிவாகச் சொன்னாள்: "நாற்காலி வேண்டாம் சார். உங்க மேசைமேல இருக்கிற கம்ப்யூட்டர் போதும்."

ஊர் முன்னால் அவரால் மறுக்க முடியவில்லை. எடுத்து வந்தால், அவர் இத்தனை நாள் 'வேலை பார்த்த' கம்ப்யூட்டரின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை!

மும்தாஜ் பழைய பெட்டியில் சிஸ்டம் பதிந்திருந்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி இதில் மாட்டினாள். புதுப் பெட்டி ஒத்துவராமல் திரை நீலமாகி நின்றது. அடிப்படை இயக்கம் மட்டும் உள்ள சேஃப் மோடில் நுழைந்து, பழைய பெட்டியின் பாகங்களை இயக்கிய டிரைவர் மென்பொருள்களை நீக்கி, மறுபடி இயக்கினாள்.

புது உடம்பில் அதே சிஸ்டம் கண் விழித்தது. தொட்டிகளின் நீர்மட்டம் அப்படியே திரையில் வந்தது. பம்பு உறுமியது.

"அடியாத்தி!" என்றாள் ஒருத்தி. தெருக்குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தத்தை ஊரே அசையாமல் நின்று கேட்டது.