வளையத்தில் உட்காராத புள்ளி

இந்த மாதிரிக் கதைகளில் தாடி குருவுக்குத்தான் இருக்கும். இதில் சீடருக்கு இருந்தது.

சீடர் சவரிமுத்துவுக்கு வயது அறுபத்து நான்கு. நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் சங்கிலி இழுத்து ஓய்வு பெற்றவர். குரு மங்கையர்க்கரசிக்கு நாற்பத்தொன்று. மலைமேல் ஒரு கல்லூரிக்குச் சொந்தமான தொலைநோக்கிக்கு அவர்தான் பொறுப்பு. குரு சீடரை 'அண்ணாச்சி' என்பார். சீடர் குருவை 'டீச்சர்' என்பார். இதில் யார் பெரியவர் என்ற குழப்பம் பார்ப்பவர்களுக்குத்தான் வந்தது, அவர்களுக்கு வரவில்லை.

ஐந்து வருடத்துக்கு முன்பு முதல் முறை மலையேறி வந்தபோது சவரிமுத்து கேட்டது ஒரே கேள்வி.

"இங்க அளக்கதுக்கு என்ன இருக்கு?"

"ரெட்டை நட்சத்திரம் இருக்கு," என்றார் குரு.

வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது தொலைநோக்கியில் இரண்டாகப் பிரியும். சில ஜோடிகள் ஒன்றையொன்று சுற்றுகின்றன. அவசரமே கிடையாது, ஒரு சுற்றுக்கு நூறு வருடமும் ஆகும், ஐந்நூறும் ஆகும். பெரியதிலிருந்து பார்த்தால் சின்னது எந்தக் கோணத்தில், எவ்வளவு இடைவெளியில் இருக்கிறது என்று அளந்தால் தாளில் ஒரு புள்ளி கிடைக்கும். புள்ளிகள் சேர்ந்தால் அவற்றின் ஊடே ஒரு நீள்வட்டம் வரையலாம். அதுதான் சுற்றுப்பாதை. ஜோடியின் தொலைவும் தெரிந்திருந்தால், தராசு இல்லாமலே இரண்டின் மொத்த எடையையும் சொல்லிவிடலாம். சவரிமுத்து மயங்கியது இந்தக் கடைசிச் செய்தியில்தான்.

சிம்ம ராசிப் பக்கம் ஒரு ஜோடியை அவர் பிடித்துக்கொண்டார். 1884 தொடங்கி வேறு வேறு ஆட்கள் அதைப் பன்னிரண்டு முறை அளந்திருந்தார்கள். அவர் தம் பங்குக்கு ஏழு புள்ளிகளைச் சேர்த்தார். ஒரு பங்குனி மாதப் பகலில், சுருட்டிய தாளோடு குருவின் மேஜை முன் வந்து நின்றார்.

"முடிச்சிட்டேன் டீச்சர். சுத்துக்கு இருநூத்தி நாப்பது வருசம்."

குரு தாளை விரித்தார்.

"உங்க கையெழுத்து மட்டுந்தான் பாக்கி," என்றார் சீடர். "அனுப்பிட்டோம்னா உலகப் பட்டியல்ல இந்த ஜோடிக்கு நேரா என் பேரு வந்திரும். இதுவரைக்கும் என் பேரு அச்சுல வந்தது கல்யாணப் பத்திரிகையிலயும் ஓட்டர் லிஸ்ட்டுலயும்தான். ஓட்டர் லிஸ்ட்டுலயும் பொம்பளைன்னு போட்டுட்டான்."

குரு ஒரு புள்ளியில் விரலை வைத்தார். அது வளையத்துக்கு வெளியே, தனியாகக் கிடந்தது. அதன்மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

"இது யாரு?"

"ஒரு பாதிரியாரு. 1931-ல அளந்திருக்காரு. ஒட்டவே இல்ல. அடிச்சிட்டேன்."

"பாதிரியாரையா?"

"பாதிரியார்னா தப்புப் பண்ண மாட்டாரா? நான் ஞாயித்துக்கிழம தவறாம கோயிலுக்குப் போறவன். எனக்குத் தெரியாதா?"

குரு விரலை நகர்த்தினார். "மத்தவங்க புள்ளியெல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமா சிதறியிருக்கு. உங்க ஏழும் கோட்டு மேலயே வரிசையா உட்கார்ந்திருக்கே?"

"முப்பத்து நாலு வருச சர்வீஸ் டீச்சர்," என்று சவரிமுத்து தாடியைத் தடவினார்.

"நாளைக்கு நாலு மணிக்கு வாங்க. ஒரு சின்ன அளவு இருக்கு. அதைப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

மறுநாள், பள்ளத்துக்கு அப்பால் இருந்த தண்ணீர்த் தொட்டியின் சுவரில் குரு ஒரு கறுப்பு அட்டையை மாட்டியிருந்தார். அட்டையில் ஊசியால் குத்திய இரண்டு துளைகள். பின்னால் ஒரு விளக்கு. தொலைநோக்கியில் அவை அசல் ஜோடி நட்சத்திரம் மாதிரியே தெரிந்தன. வெயிலின் அனல் அவற்றைக் கொஞ்சம் நடுங்க வைத்தது.

"நேர்குத்துக் கோட்டுலேருந்து நாற்பத்திரண்டு டிகிரிக்குக் குத்தியிருக்கேன்," என்றார் குரு. "கருவி சரியா இருக்கான்னு அளந்து சொல்லுங்க."

அளப்பது பெரிய வித்தை இல்லை. கண்வில்லைக்குள் ஒரு மெல்லிய கம்பி ஓடும். அது இரண்டு புள்ளிகளையும் தொட்டுக்கொண்டு போகிற வரை, வெளியே இருக்கும் டிகிரி வளையத்தைத் திருப்ப வேண்டும். பிறகு வளையத்தில் எண்ணைப் படிக்க வேண்டும்.

சவரிமுத்து முதலில் வளையத்தை நாற்பத்திரண்டில் கொண்டுபோய் நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் கண்ணை வைத்தார். ஒரு மயிரிழை அந்தப் பக்கம், ஒரு மயிரிழை இந்தப் பக்கம். எண்ணைப் படித்தார். இப்படியே ஐந்து முறை. குரு தொட்டியைப் பார்க்கவில்லை. சீடரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சராசரி நாப்பத்திரெண்டு புள்ளி ஒண்ணு. கருவி தங்கம், டீச்சர்."

"சந்தோஷம். அப்படியே நடந்து போய் அட்டையை நேர்ல அளந்துட்டு வந்துடுங்க."

சவரிமுத்து பாகைமானியும் அடிக்கோலும் தூக்குக்குண்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். ஆனால் திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. போன முகம் வேறு, வந்த முகம் வேறு.

"டீச்சர், அது நாப்பத்தெட்டு."

"ம்."

"துளை ரெண்டுக்கும் ஊடே கோடு இழுத்து, குண்டத் தொங்கவிட்டு, மூணு தடவ அளந்தேன். நாப்பத்தெட்டேதான். நீங்க பொய் சொல்லியிருக்கீக."

"ஆமா, நான் பொய் சொன்னேன். உங்க கண்ணு எதுக்கு அண்ணாச்சி அதையே சொல்லிச்சு?"

சவரிமுத்து தூக்குக்குண்டின் நூலைச் சுற்றத் தொடங்கினார்.

பதில் அவருக்குத் தெரிந்ததுதான். எல்லைக் கல்லைத் தேடும்போது முதலில் பழைய வரைபடத்தைப் பார்ப்பார். அதில் உள்ள கோணத்துக்குக் கருவியைத் திருப்புவார். அங்கே ஒரு சாண் தள்ளி ஏதாவது கல் தட்டுப்பட்டால், அதுதான் கல். முப்பத்து நான்கு வருடம் நேரத்தையும் பல மண்டைகளையும் காப்பாற்றிய முறை. மலைக்கு வந்த முதல் வருடமே, பாதிரியாரை அடித்துவிட்டு மற்ற பதினொரு புள்ளிகளை வைத்து ஒரு வளையம் போட்டுவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு முறையும், இன்றைக்கு நட்சத்திரம் எங்கே இருக்க வேண்டும் என்று வீட்டிலேயே கணக்குப் போட்டு, அந்த எண்ணில் கம்பியை நிறுத்தி, அப்புறம் பார்த்தார். நட்சத்திரமும் மரியாதை தெரிந்தது; ஏழு முறையும் அங்கேயே இருந்தது.

"ஆறு டிகிரி," என்றார் கடைசியில். "ஒரு கல்ல ஆறு டிகிரி தள்ளி நட்டா வெட்டுக்குத்து ஆயிரும்."

தாளைச் சுருட்டிக்கொண்டு மலையிறங்கினார். நான்கு நாள் வரவில்லை.

ஐந்தாம் நாள், வானம் முழுதாக இருட்டுவதற்கு முன்பே வந்தார். அந்த நேரத்தில் நட்சத்திரம் கண்ணைக் கூசச் செய்யாது; இரண்டும் நன்றாகப் பிரிந்து நிற்கும்.

"கம்பிய நான் வைக்கேன் டீச்சர். எண்ண நீங்க படிங்க. எங்கிட்டச் சொல்லாதீக. ஒவ்வொரு தடவயும் வளையத்தக் கண்டமேனிக்குச் சுத்தி விட்டுருங்க."

குரு வளையத்தைச் சுற்றிவிட்டார். சவரிமுத்து கண்ணை வைத்து, திருப்பி, நிறுத்தி, "ம்" என்றார். குரு எண்ணைப் படித்து நோட்டில் எழுதினார். மறுபடி சுற்றிவிட்டார்.

ஆறாவது முறை, தம் வளையம் சொல்லும் எண்ணைக் கேட்காமல் சீடரால் இருக்க முடியவில்லை.

"இருநூத்திப் பன்னெண்டு பக்கமா வருதா?"

"கம்பியப் பாருங்க."

எட்டு முறை ஆனதும் விளக்கைப் போட்டார்கள். குரு கூட்டி வகுத்தார்.

"இருநூற்றி ஆறு."

சவரிமுத்து தாளை விரித்து, தம் கையாலேயே அந்தப் புள்ளியை வைத்தார். அது அவருடைய வளையத்தில் உட்காரவில்லை. பாதிரியார் சொன்ன பக்கமாகவும் போகவில்லை. யாருமே ஜெயிக்கவில்லை.

பிறகு சிவப்பு மைப் பேனாவை எடுத்து, தம்முடைய ஏழு புள்ளிகளையும் ஒவ்வொன்றாக அடித்தார். 1931-இன் மேல் போட்ட குறியை அழிக்க முடியாது. அதனால் அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதினார்.

"இப்பச் சுத்து எத்தன வருசம் டீச்சர்?"

"இருநூறும் இருக்கலாம். நானூறும் இருக்கலாம்."

"சரியாத் தெரியணும்னா?"

"இன்னும் அறுபது வருஷம் அளக்கணும்."

"அதுக்கு நான் இருக்க மாட்டேன். நீங்களும் இருக்க மாட்டீக."

"மாட்டேன்."

"பட்டியல்ல பேரும் வராது."

"வராது."

பள்ளத்துக்கு அப்பால் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டது. யாரோ மோட்டாரை நிறுத்தப் போனார்கள்.

"அஞ்சு வருசம் மலையேறி எறங்கியிருக்கேன்," என்றார் சவரிமுத்து. "எங்கிட்ட இப்ப என்னதான் டீச்சர் இருக்கு?"

குரு நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

"ஒரு புள்ளி இருக்கு. தேதி போடுங்க."