இரண்டு மரமும் காலி!

நாவலேரியில் தேர்தல்! ஒரே அமளி! அலகில் மீன் இருப்பதையும் மறந்து பறவைகள் கோஷம் போட்டன.

அந்த ஏரியில் ஓட்டுப் போடும் முறையே தனி. கரையில் இரண்டு பெரிய மரங்கள் எதிரெதிரே நின்றன. பொழுது சாயும்போது எந்த மரத்தில் அதிகப் பறவைகள் வந்து அடைகின்றனவோ, அந்த மரத்தின் தலைவருக்கே ஏரி.

சண்டை ஒரே விஷயத்துக்குத்தான். அடைகாக்கும் தாய், முடியாது என்று கூட்டை விட்டு எழலாமா, கூடாதா? எழலாம் என்பவர்களுக்குக் கடம்ப மரம். கூடாது என்பவர்களுக்குக் கருவேல மரம்.

ஆரம்பத்தில் கூழைக்கடா பைவாயன் கடம்ப மரத்தில்தான் இருந்தது. "அவரவர் கூடு, அவரவர் முடிவு!" என்று முழங்கியது. எதிரே கருவேல மரத்தில் நீர்க்காகம் கருங்கழுத்தன், "கூட்டை விடுவது பாவம்!" என்று கத்தியது.

பிறகு கிழக்கேயிருந்து கொக்குக் கூட்டம் குடியேறியது. கொக்குகள் கண்டிப்பானவை. கூட்டை விடுவது என்றாலே அவற்றுக்கு ஆகாது. எத்தனை ஓட்டு! பைவாயனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஒரே தாவு, கருவேல மரம்! கருங்கழுத்தன் சும்மா இருக்குமா? அதே வேகத்தில் கடம்ப மரம்! கோஷங்களும் இடம் மாறின. கேட்கவே கூச்சமாக இருந்தது. அவற்றுக்குக் கூச்சமே இல்லை.

பைவாயன் ஜெயித்தது. எழும் தாயை விரட்டிக் கொத்தக் கரிச்சான் குருவிகளைக் காவல் வைத்தது.

இந்த வருஷம் அடுத்த தேர்தல் நெருங்கியது. மழையோ பொய்த்தது. ஏரி சேறாகிவிட்டது. இரண்டு மரங்களுக்கும் நடுவே ஒரு குட்டை இலுப்பை மரத்தில், செங்காலி என்னும் நாரை அடைகாத்துக்கொண்டிருந்தது. இரைக்குப் போன துணை திரும்பவில்லை. பட்டினியில் செங்காலியின் கழுத்து தொய்ந்துவிட்டது.

"ஐயா, என்னால முடியல. எழுந்து போகட்டுமா?" என்று பைவாயனைக் கேட்டது.

"தேர்தல் முடியட்டும் தாயே!"

கருங்கழுத்தனைக் கேட்டது. "நம்ம ஆட்சி வரட்டும் தாயே!"

தேர்தல் நாளும் வந்தது! பைவாயனின் ஒற்றன் ஓடிவந்தது. "தலைவரே, தாய்ப்பறவைங்க எல்லாம் கொதிச்சுப் போயிருக்கு! கடம்ப மரத்துக்குத் தாவுங்க!"

அதே நேரம் கருங்கழுத்தனின் ஒற்றனும் வந்தது. "தலைவரே, கொக்குங்க பைவாயன்மேல கடுப்புல இருக்கு! கருவேல மரத்துக்குப் போனா அள்ளிடலாம்!"

இரண்டும் ஒரே சமயத்தில் பறந்தன! நடுவானில் மோதின! தொப்பென்று இலுப்பை மரத்தடிச் சேற்றில் விழுந்தன.

"கொள்கை இல்லாதவனே!" என்றது பைவாயன்.

"நீ மட்டும்?" என்றது கருங்கழுத்தன்.

மேலேயிருந்து செங்காலி எட்டிப் பார்த்தது. "எனக்காகத்தானே சண்டை? என் முட்டை எப்படி இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்!"

"கொழுகொழுன்னு இருக்கும்!" என்றது ஒன்று. "சீக்கிரம் பொரிஞ்சிடும்!" என்றது மற்றது.

"எப்பவோ கூமுட்டையாப் போச்சு!" என்று செங்காலி அலறியது. "குஞ்சு வராத முட்டைமேல என்னை உட்கார வச்சீங்க. யாராவது ஒருத்தர் வந்து பார்த்தீங்களா?"

செங்காலி தள்ளாடி எழுந்தது. கரிச்சான்கள் சீறிப் பாய்ந்தன. ஆனால் சுற்றிலும் தாய்ப்பறவைகள் எழும்பிக் குறுக்கே நின்றன. கொக்குத் தாய்களும்தான்! செங்காலி தெற்கே, தண்ணீர் இருக்கும் திசையில் பறந்தது.

பொழுது சாய்ந்தது. சேற்றைத் துடைத்துக்கொண்டு பைவாயன் கடம்ப மரத்தில் உட்கார்ந்தது, கருங்கழுத்தன் கருவேல மரத்தில். ஒரு பறவைகூட வரவில்லை! குட்டை இலுப்பை மரமோ கிளை முறியும் அளவுக்குப் பறவைகளால் நிறைந்து வளைந்தது.

"அப்போ ஏரி யாருக்கு?" என்று இரண்டும் கத்தின.

"செங்காலிக்கு!" என்றன இலுப்பை மரத்துப் பறவைகள்.

"அது எங்கே?"

"பசிச்சுது. சாப்பிடப் போயிருக்கு. யாரையும் கேக்கல!"

ஓட்டைப் பார்த்துக் கொள்கையை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள், யாருக்காகப் பேசுகிறார்களோ அவர்களின் உயிரைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.