விசிலும் சொம்பும்

"சாமி, நல்லாப் படிச்ச பாடத்தை ஒரு பிள்ளை திடீர்னு மறந்துபோகுமா?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

ஆற்றங்கரை மடத்தில் அன்று அமாவாசை பூசை. ஆட்கள் இன்னும் வந்து சேரவில்லை. பொன்னையா சாமி பாய்களை விரித்துக்கொண்டிருந்தார்.

சாமிக்கு நாற்பது வயது இருக்கும். சீடர் ஆவுடையப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர்தான். கழுத்தில் தொங்கிய விசில் இன்னும் வேலையில் இருந்தது.

"என்ன பாடம் மாஸ்டர்?"

"ஒண்ணுக்குப் போற பாடம்."

சாமி பாயை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

பிள்ளை, மாஸ்டரின் பேத்தி தாரகை. ரெண்டரை வயது. மகள் உலகம்மை வேலைக்குப் போய்விடுவதால் பகலெல்லாம் தாத்தா பொறுப்பு. ஓட்டை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கி வந்து, அவரே பயிற்சி கொடுத்திருக்கிறார்.

"ஜோராப் பழகிட்டா சாமி. மணிக்கொருதரம் விசில் அடிப்பேன். எங்க இருந்தாலும் ஓடியாந்து நாற்காலியில உக்காந்துருவா. தெருவே வந்து பாத்துது."

"தெரு எதுக்கு வந்துது?"

"நான்தான் கூப்பிட்டேன்."

"ம். பெறவு?"

"மச்சினன் வீட்டுக் கல்யாணம். நான் ஜக்கும் கையுமா பந்தியில தண்ணி ஊத்திக்கிட்டு நிக்கேன். நேரமாச்சேன்னு விசில் அடிச்சேன். சொந்தக்காரங்களும் பாக்கட்டுமேன்னு ஒரு ஆசை. பிள்ளை சொன்னபடி ஓடியாந்தா. வந்து, நாற்காலியைத் தேடுதா."

"நாற்காலி எங்க இருந்துது?"

"வீட்டுல."

சாமி சிரிக்கவில்லை. அது அவருடைய நல்ல குணம்.

"எலைக்கு முன்னாலயே நின்னபடி ஒண்ணுக்குப் போயிட்டா சாமி. வெக்கமா இல்லையாட்டின்னு ஒரு சத்தம் போட்டேன். பந்தியே திரும்பிப் பாத்துச் சிரிச்சுது. அன்னிக்குப் போனதுதான் அந்தப் பழக்கம். இப்ப பாயில போறா, கட்டில்ல போறா, அடுக்களையில போறா. நாற்காலிப் பக்கம் மட்டும் போறதில்ல. சுவத்தைப் பாத்து நிக்க வச்சேன். நின்ன இடத்துலயே போறா."

"இதுதான் கவலையா?"

ஆவுடையப்பன் விசிலைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"துணி நனைஞ்சா தொவைச்சுக்கிடலாம் சாமி. என் நெஞ்சு மேல படுத்துத்தான் பிள்ளை மத்தியானம் தூங்குவா. இப்ப என்னைக் கண்டா பீரோவுக்குப் பின்னால போய் ஒளியுதா. சாப்பிடக் கூப்பிட்டாக்கூட வரமாட்டேங்கா."

குரல் உடைந்துவிட்டது. மைதானத்தையே அதிர வைத்த குரல் அது. பாவமாக இருந்தது.

"கண்டிப்பைக் கூட்டணுமா, குறைக்கணுமா? நீங்க என்ன சொன்னாலும் செய்யுதேன்."

"பூசை முடியட்டும்" என்றார் சாமி.

ஆட்கள் வந்தார்கள். விளக்கேற்றினார்கள். சாமி பலகையில் உட்கார்ந்து வழக்கம்போலக் கொஞ்சம் பேசினார்.

அந்த மடத்தில் ஒரு முறை உண்டு. பேச்சு முடிந்ததும் சாமிதான் முதலில் எழுந்திருப்பார். போய், முதல் ஆளுக்குக் கஞ்சியைத் தன் கையால் ஊற்றுவார். அவர் எழும்வரை வேறு யாரும் எழக் கூடாது. இந்த முறையைக் கட்டிக் காப்பவர் ஆவுடையப்பன். கால் மரத்துப்போய் லேசாக நகர்ந்தவர்களைக்கூட விசிலைத் தொட்டுக் காட்டியே அடக்கியிருக்கிறார்.

அன்று பேச்சு முடிந்தது. சாமி எழவில்லை.

கஞ்சி வாசனை வந்தது. பின்வரிசையில் ஒரு குழந்தை சிணுங்கியது. சாமி அசையவில்லை.

"தியானத்துல இருக்காவ" என்று ஒருவர் கிசுகிசுத்தார்.

முன்வரிசையில் இருந்த ஆவுடையப்பன் சாமியின் முகத்தைப் பார்த்தார். தியானத்தில் இருக்கிறவர் முகம் இல்லை அது. இரண்டு கையாலும் மடியில் வேட்டியைச் சுருட்டிப் பிடித்திருந்தார். பலகையின் ஓரம் நனைந்து கறுத்துக்கொண்டு வந்தது.

மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. போன வாரம் சாமிக்குச் சிறுநீரகத்தில் கல் எடுத்தபோது ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனவர் அவர்தான். குழாயை எடுத்துவிட்டு டாக்டர் சொன்னதும் அவருக்கு நினைவிருந்தது. கொஞ்ச நாளைக்குக் கட்டுப்பாடு இருக்காது, தானாகச் சரியாகிவிடும்.

ஆவுடையப்பன் எழுந்தார்.

கூட்டம் முழுக்க அவரையே பார்த்தது. விளக்குத் திரியைத் தூண்டப் போகிறவர்போல நேரே நடந்தார். சாமியின் பக்கத்தில் முக்காலி மேல் நிறைசொம்பு இருந்தது. முக்காலியில் அவர் கால் தட்டியது. தண்ணீர் மொத்தமும் சாமியின் மடியில் கொட்டியது.

"கண்ணு தெரியலையா மாஸ்டர்?" என்று ஒருவர் கத்தினார்.

"ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லிட்டு, நீங்களே முதல்ல எந்திரிக்கீங்களே" என்றார் இன்னொருவர்.

"வயசாயிட்டுல்லா. கால் தட்டிட்டு. மன்னிச்சுக்கிடுங்க" என்று ஆவுடையப்பன் எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார்.

கூட்டம் சிரித்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு பையன்கூட அவர் முன்னால் அப்படிச் சிரித்ததில்லை. அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தார்.

சாமி எழுந்தார்.

"வேட்டி மாத்திட்டு வாரேன். நீங்க கஞ்சியை ஊத்த ஆரம்பிங்க."

ஆவுடையப்பன் துணி எடுத்துவந்து பலகையைத் துடைத்தார். தரையைத் துடைத்தார். சொம்பை நிமிர்த்தி வைத்தார். பிறகு கொல்லைப்புறம் போனார்.

சாமி நனைந்த வேட்டியை அலசிப் பிழிந்துகொண்டிருந்தார்.

"முறையை மீறிட்டீங்களே மாஸ்டர்."

"தப்புதான் சாமி."

"ஏன் மீறுனீங்க?"

"உங்க மொகத்தைப் பாத்தேன். மனசு தாங்கல. உங்களை மீறி வந்ததுக்கு நீங்க என்ன செய்வீங்க? அத்தனை பேருக்கு முன்னால..."

"எல்லாரும் உங்களைப் பாத்துல்லா சிரிச்சாங்க."

"சிரிச்சுட்டுப் போகட்டும். அதுல எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

சாமி வேட்டியை உதறிக் கொடியில் போட்டார். காற்றில் பறக்காமலிருக்க இரண்டு பக்கமும் கிளிப் மாட்டினார்.

"அன்னிக்குப் பந்தியில உங்க கையில என்ன இருந்துது மாஸ்டர்?" என்று கேட்டார்.