கீழே தள்ளிய வரி

குரு பனிமயத்துக்கு முப்பது வயது. சீடர் கஸ்பாருக்கு ஐம்பத்தெட்டு. பாதி ஆயுளைக் கடலில் கழித்தவர், முட்டி தேய்ந்துபோனதால் கரையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பழகிக்கொண்டிருந்தார். இதில் யார் குரு, யார் சீடர் என்று துறைமுகமே கேலி பேசியது.

அவர்கள் வேலை பார்த்த துறைமுகத் தகவல் அறையில் ஒரு கறுப்புத் திரை உண்டு. கடலில் நிற்கும் படகுகள் அனுப்பும் செய்திகள் அதில் வரிவரியாய் வரும். கீழே புது வரி வந்தால் பழைய வரி மேலே ஏறி மறையும்.

அன்று காலை பனிமயம் டீ வாங்கப் போயிருந்தாள். படகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிடைத்த மீன்பாட்டைச் சொல்ல, நடுவே 'தண்ணி ஏறுது' என்று ஒரு வரி ஓடியது. எந்தப் படகு என்று பார்ப்பதற்குள் மறைந்துவிட்டது.

கஸ்பார் பின்னால் போகும் பட்டன்களை அழுத்தினார். பழைய வரிகள் இறங்கி வந்தன. தேட ஆரம்பித்ததுமே திரை சடக்கென்று கீழே கடைசி வரிக்குக் குதித்தது. கீழே வந்த எதையும் படிக்காமல் மறுபடி ஏறினார். மறுபடி தள்ளியது.

"சனியனே, ஒரு நிமிசம் நில்லேன்!"

அதே கம்ப்யூட்டரின் அடுத்த திரையில் இருக்குமோ என்று பட்டனைத் தட்டி அதற்குத் தாவினார். அங்கே வானிலை அறிக்கைதான் இருந்தது. திரும்பி வந்து ஏறப் பார்த்தால், திரையில் தெரிந்த வரிகளுக்கு மேலே ஒன்றுமே இல்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல உட்கார்ந்திருந்தார்.

பனிமயம் டீயோடு உள்ளே வந்தாள்.

"டீச்சர், ஏதோ ஒரு படகுல தண்ணி ஏறுது. பேரு மேல போயிட்டு. இப்ப மேலயே காணோம்!"

"திரை மாத்துனீங்களா, அண்ணாச்சி?"

"மாத்துனேன்."

"மாத்துனா மேல ஏறி மறைஞ்சதெல்லாம் அழிஞ்சிரும்."

"ஐயோ, அப்ப அவ்வளவுதானா?"

"கீழ என்ன இருக்கு?"

"கீழ எதுக்கு? போன வரியில்லா வேணும்!"

"கடைசி வரியை வாசிங்க."

கஸ்பார் குனிந்து வாசித்தார். "சந்தியாகப்பர் படகு. தண்ணி ஏறுது. கரையில யாரும் இல்லையா?"

இரண்டு வரி மேலே அதே படகு. அதற்கும் மேலே அதே படகு.

பனிமயம் போனை எடுத்து மீட்புப் படகை அனுப்பச் சொன்னாள். 'ஆள் இருக்கோம். படகு வருது' என்று கஸ்பார் ஒற்றை விரலால் அடித்தார். 'சரி' என்று பதில் வந்த பிறகுதான் மூச்சு விட்டார். ஆனாலும் குழப்பம் தீரவில்லை.

"நான் தேடும்போதெல்லாம் இந்தத் திரை எதுக்கு டீச்சர் என்னைக் கீழ கீழ தள்ளிச்சு?"

"புது வரி வந்தாத்தான் அது தள்ளும். அந்தப் படகுக்காரங்கல்லா உங்களைக் கூப்பிட்டுட்டே இருந்தாங்க, அண்ணாச்சி."