வளைவுக்கு ஒரு சொம்பு

மூன்றாவது தடவையும் வண்டி அதே வளைவில்தான் நின்றது.

வெள்ளியங்கிரி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மற்ற வண்டிகள் அவரைத் தாண்டிப் போயின. கயிறு கொண்டுவர ஆள் வரும்வரை பந்தய மைதானத்தின் அந்த மூலையில் காற்றுச் சத்தம் மட்டும்தான். பெட்ரோல் முள் பாதியில் நின்றது. இருபது லிட்டர் இருக்கிறது, ஆனால் இன்ஜின் பட்டினியில் செத்துப் போகிறது.

கோயம்புத்தூரில் தண்ணீர் பம்பு செய்யும் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். மனைவி இறந்த பிறகு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பழைய இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தேடிப் பிடித்தார். ஐம்பத்தைந்து வயதில் எஸ்தரிடம் கார் வேலை கற்க வந்தார். எஸ்தருக்கு நாற்பத்திரண்டு. பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்துவிட்டு, பந்தய மைதானத்துக்குப் பக்கத்தில் கார் ஷெட் போட்டவள். எல்லாருக்கும் அவள் டீச்சர்.

ஷெட்டுக்கு வண்டி வந்ததும், இந்த பெட்ரோல் பம்பும் சரியில்லை என்றார் வெள்ளியங்கிரி. ஏற்கெனவே ஒன்றை மாற்றியாகிவிட்டது. புதியதை இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்திருந்தார். அழுத்தம் காட்டும் முள் அசையவில்லை.

"எங்க வச்சுப் பாத்தீங்க?"

"இங்கதாங்க. ஷெட்டுல."

எஸ்தர் சிரித்தாள். "நின்ன இடத்துல எந்த வண்டிதாண்ணா ஓடாது?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக் காலையில் ஒருவரை வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். வண்டியை விற்றுவிடப் போகிறாராம். திருப்பூரில் தங்கை வீட்டு மாடி காலியாகத்தான் இருக்கிறதாம். வண்டி போய்விட்டால் காலையில் எழுந்து போவதற்கு அவருக்கு வேறு இடம் கிடையாது என்பது எஸ்தருக்குத் தெரியும்.

"வர்றவர ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க. நாலு நாள்தான?" என்றாள்.

அவர் போன் செய்து சொன்னார். பிறகு கேட்டார்.

"டாங்க்ல பாதி இருக்குதுங்க டீச்சர். அப்புறம் எதுக்குங்க பட்டினி?"

எஸ்தர் தன் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி, பாதி தண்ணீர் ஊற்றினாள். மூடியில் வலது ஓரமாக ஒரு ஓட்டை போட்டு, அடி வரைக்கும் ஒரு டியூபை இறக்கினாள். தன் காரில் அவரை இடதுபக்கம் உட்காரவைத்து டப்பாவை மடியில் கொடுத்தாள். வாயை எடுக்காமல் குடித்துக்கொண்டே வரவேண்டும், அவ்வளவுதான்.

நேர்ப் பாதையில் தண்ணீர் வந்தது. அந்த வளைவில் அவள் வேகம் குறைக்காமல் வலப்பக்கம் ஒடித்தாள். டப்பாவில் இருந்ததெல்லாம் இடது பக்கச் சுவரில் ஏறி நின்றது. வெள்ளியங்கிரியின் கன்னம் ஒட்டிப்போனது.

"குடிச்சீங்களா?"

"காத்துதாங்க வந்துச்சு."

"தண்ணி இல்லையா?"

"இருந்துச்சு." டப்பாவின் இடது சுவரைக் காட்டினார். "அந்தப் பக்கம் இருந்துச்சு."

எஸ்தர் காரை நிறுத்தினாள். டப்பாவுக்குள் ஒரு உயரமான சின்ன டம்ளரை வைத்து, நிரப்பி, டியூபை அதற்குள் விட்டாள். மறுபடி அதே வளைவு. டப்பாத் தண்ணீர் மறுபடி இடது சுவரில் ஏறியது. அவர் குடித்துக்கொண்டே வந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. வண்டிக்கும் இதே மாதிரி ஒரு சின்னச் சொம்பு செய்துவரச் சொன்னாள் எஸ்தர்.

மறுநாள் அவர் அலுமினியத்தில் ஒரு குடுவை செய்து எடுத்துவந்தார். ஐந்து லிட்டர் பிடிக்கும்.

எஸ்தர் அதைத் தட்டிப் பார்த்தாள். "பயந்துகிட்டே செஞ்சிருக்கீங்க."

பத்தாமல் போய்விடக் கூடாதே என்றார்.

"இவ்வளவு அகலம்னா இதுவும் டாங்க்தாண்ணா. இதுலயும் ஒரு பக்கமா ஓடி ஒதுங்கும். சொம்பு செய்யச் சொன்னா அண்டா செஞ்சுட்டு வந்திருக்கீங்க."

இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு லிட்டரில் ஒல்லியாக இன்னொன்று செய்தார். கெட்டுப்போனதென்று அவர் கழற்றி மூலையில் போட்டிருந்த பழைய பம்பை எஸ்தர் எடுத்துத் துடைத்தாள். அதற்கு ஒரு குறையும் இல்லை. டாங்கிலிருந்து சொம்புக்கு எந்நேரமும் பெட்ரோல் ஊற்றுவது அதன் வேலை; நிரம்பி வழிவது டாங்குக்கே திரும்பும். சொம்பிலிருந்து இன்ஜினுக்குக் கொடுப்பது புது பம்பு. இன்ஜின் குடித்தது போக மிச்சம் திரும்பும் குழாயைக் கடைசியாக மாட்டினார்கள். அவர் அதை டாங்கில் விடப் போனார். அவள் கையைப் பிடித்துச் சொம்பின் பக்கம் திருப்பினாள்.

சனிக்கிழமை பிற்பகல் வெள்ளியங்கிரி வண்டியை எடுத்தார். பாதி டாங்க். எஸ்தர் வளைவில் போய் நின்றுகொண்டாள்.

முதல் சுற்றில் வண்டி நிற்கவில்லை. பத்தாவது சுற்றிலும் நிற்கவில்லை. முள் கால் டாங்குக்குக் கீழே இறங்கியபிறகும் அந்த வளைவில் இன்ஜின் ஒருமுறைகூட இருமவில்லை.

வண்டியை ஷெட்டில் நிறுத்திய பிறகும் அவர் இறங்கவேயில்லை. எஸ்தர் ஜன்னலோரம் வந்து நின்றாள். கொடுக்கிறதா இல்லையா என்று கேட்டாள்.

"தெரியலீங்க. வண்டி நிக்குதுன்னு மட்டும் விக்க நெனைக்கல டீச்சர். நானும் நின்னு போறேன்."

அவரே மேலும் சொன்னார். ஆள் இல்லாமல் இல்லை. புனாவில் மகன் இருக்கிறான், வாரம் தவறாமல் பேசுவான். தங்கை இருக்கிறாள். கம்பெனி நண்பர்கள் தினமும் குட்மார்னிங் அனுப்புகிறார்கள். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பூட்டில் சாவியைப் போட்டுக் கதவைத் தள்ளும்போது உள்ளே ஒரு சத்தமும் இருக்காது. அப்போது அத்தனை பேரும் எங்கேயோ ஒதுங்கிப் போய்விடுகிறார்கள். வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

எஸ்தர் டாங்கின் மூடியைத் திருகி இறுக்கினாள்.

"அந்த வளைவு எத்தன செகண்ட்ணா?"

"ஆறரை. அளந்திருக்கேன்."

"கதவத் தொறந்து லைட்டப் போடற வரைக்கும்?"

வெள்ளியங்கிரி இருபத்தெட்டு வருஷம் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் நேரத்தையும் அளந்து எழுதியவர். இதை மட்டும் அளந்ததில்லை.

எஸ்தர் கழுத்தில் தொங்கிய ஸ்டாப் வாட்சைக் கழற்றி அவர் கையில் வைத்தாள்.

"இன்னிக்கு அளந்துட்டு, காலைல வந்து சொல்லுங்க. அதுக்குத் தகுந்த மாதிரி உங்க வாசலுக்கும் ஒரு சொம்பு செய்வோம்."